வியாழனின் கருவும் தொட்டி மூடியும்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து ஓயாத காற்று. பின்பக்கம் கட்டிய தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு யோசிக்கவே விடவில்லை. மேஸ்திரி வரவில்லை. மாமா மட்டும் வந்தார். செப்டிக் டேங்க் குழியை எட்டிப் பார்த்தார், "நாளைக்கு வந்துருவாங்க" என்றார், டீ குடித்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமையும் இதையேதான் சொன்னார்.

கம்பைநல்லூர் வந்து பன்னிரண்டு நாள். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன். கீழே குத்தவைத்து உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வீட்டோடு ஒட்டி ஒரு வெஸ்டர்ன் டாய்லெட். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நம்பி பெங்களூரிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது என் தப்பு.

இந்த வாரம்:
– அப்பாவுக்கு முட்டிப் பயிற்சி, காலை பத்து, மாலை பத்து (ஏழிலிருந்து நேராகப் பத்துக்குப் போகிறார்)
– தொட்டி மூடிக்கு அளவு
– தீசிஸ் மூன்றாம் அத்தியாயம்
– ஜே-4
– தலைக்கு எண்ணெய்
– ஜே-4

குழம்பினால் முதலிலிருந்து எழுதிப் பார் என்பார் என் கைடு சார். எழுதுகிறேன். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அந்த வேகத்தில் இடுப்பு பெருத்து, தலையும் காலும் அமுங்கியிருக்கிறது. பக்கத்தில் பறக்கும் விண்கலத்தை அது இழுக்கிற இழுப்பில் இந்த இடுப்பின் கதை தெரியும். அந்தக் கதையைச் சொல்லும் எண்கள்தான் ஜே-2, ஜே-4. கனமான பொருள் நடுவில் குவிந்திருந்தால் ஜே-2 குறையும், வெளியே பரவியிருந்தால் கூடும். வெட்டிப் பார்க்க முடியாத ஒன்றின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல நமக்கு வேறு வழி அதிகம் இல்லை.

வியாழனின் கரு கெட்டியான குண்டு இல்லை, ஹைட்ரஜனில் கரைந்து பரவிக் கிடக்கிறது என்பது வரை பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். எவ்வளவு தூரம் என்பதுதான் சண்டை. மற்றவர்கள் ஆரத்தில் பாதி வரை என்கிறார்கள். என் கணக்கில் முக்கால். அந்தக் கால் பங்குதான் என் நான்கு வருடம், என் தீசிஸ், என் பெயர். ஜே-2 அழகாகப் பொருந்துகிறது. ஜே-4 எட்டு மாதமாகப் பொருந்த மாட்டேன் என்கிறது. இடிக்கும் மிச்சத்தை வியாழனின் காற்றுகள் தலையில் கட்டியிருக்கிறேன். அங்கே காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்துக்கு ஓடுகிறது, கொஞ்சம் தாங்கும். இவ்வளவு தாங்குமா?

ஒரு சின்னக் குறிப்பு, முழுமைக்காக. வெளியே வரும் எண்கள் இடுப்பு ஆரத்தை வைத்து எழுதப்படும். என் புரோகிராம் சராசரி ஆரத்தில் ஓடும். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு பெருக்கல். இரண்டாம் வருடமே முடித்த வேலை. அங்கே தேடிப் பயனில்லை.

மதியம் கீர்த்தனா போன். என் ஜூனியர், ஓசூர்ப் பெண். வியாழன் உருவாகும்போது பெரிய மோதல் ஒன்று நடந்து கரு கலைந்தது என்று காட்டுவது அவள் வேலை. என் முக்கால்தான் அவள் எட்ட வேண்டிய குறி.

"அக்கா, பத்துப் பூமி எடையுள்ளத எடுத்து நேரா மோத விட்டுட்டேன். அப்பவும் கரு பாதிக்கு மேல பரவ மாட்டேங்குது."

"உன் புரோகிராம்ல எங்கியோ தப்பு இருக்கு."

"மூணு தடவ பாத்துட்டேன்க்கா."

"நாலாவது தடவ பாரு."

வைத்துவிட்டேன். பேசிய விதம் சரியில்லை. தார்ப்பாய் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

மேஸ்திரி வந்தார்! பத்தரைக்கு வந்து பன்னிரண்டுக்குப் போனார். அரூரில் ஏதோ விசேஷமாம்.

டேப் வைத்து நானே மூடிக்கு அளவு எடுத்தேன். குழிக்குள் இறக்கிய சிமெண்ட் ரிங்கின் வாய், உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு மூன்றடி. சுவர் இரண்டு அங்குல கனம். மூடி உள்ளே விழாமல் சுவர் மேல் உட்கார வேண்டும் அல்லவா? இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு அங்குலம் கூட்டினேன். மூன்றடி நான்கு அங்குலம். அதியமான்கோட்டை ரிங் கடைக்காரரிடம் போனில் அதைச் சொன்னேன்.

"ரைட்டுங்க, வெள்ளிக்கெழம வண்டி ஏத்தி உட்டுர்றேன்" என்றார். லாரி சத்தத்தில் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வேலை முடிந்தது. பட்டியலில் அடித்தபோது அவ்வளவு நிம்மதி.

அப்பாவைப் பார்க்க ஒரு சொந்தக்காரர் வந்தார். ஆப்பிள் கால் கிலோ. நான் வியாழனைப் படிக்கிறேன் என்று அம்மா பெருமையாகச் சொல்லிவிட்டாள். "குருவா? போன மாசந்தான் பெயர்ச்சி ஆச்சு. நம்ம பையனுக்கு இனிமேலாச்சும் எடம் அமையுமா பாப்பா?" எனக்கு அது தெரியாதுங்க என்றேன். "அப்பறம் என்னா படிக்கறே?" என்று உண்மையாகவே கேட்டார். குதர்க்கம் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அவர் போன பிறகு அப்பா விடவில்லை. முட்டியை நீட்டி மடக்கிக்கொண்டே:

"அங்க போவாம, தோண்டாம, உள்ள என்னா இருக்குன்னு எப்பிடி சொல்றீங்க?"

இழுப்பு, இடுப்பு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு:

"நம்ம தேங்காக்காரன் மாதிரி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தத் தேங்காய்க்காரர் நான் பிளஸ் டூ படிக்கும்போது நிலத்தடித் தண்ணீர் பார்க்க வந்தவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்து, தேங்காய் எழுந்து நின்ற இடங்களில் எல்லாம் போர் போடச் சொன்னவர். மூன்று போர். மூன்றிலும் புகை மாதிரி மண்தான் வந்தது.

"அதுவும் இதுவும் ஒண்ணாப்பா?"

"இல்ல பாப்பா, அவனும் மேல நின்னுகிட்டுத்தான் உள்ளத சொன்னான்."

பயிற்சி எண்ணிக்கையை மறந்துவிட்டோம். திரும்ப முதலிலிருந்து. ஏழு, பத்து.

ஜூன் 12, வியாழன்

வெயில். காற்று கொஞ்சம் அடங்கியது. கரண்ட் காலை ஒன்பதிலிருந்து இல்லை. மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் மட்டும் நெட்வொர்க் இரண்டு கோடு. குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து மெயில் திறந்தால்—

ஏற்றுக்கொண்டார்கள்.

பத்திரிகைக்கு அனுப்பியிருந்த என் முக்கால் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! இரண்டாம் நடுவரின் அறிக்கை ஒன்றரைப் பக்கம். சில்லறைத் திருத்தங்கள், ஒரு படத்தின் நிறம், இரண்டு மேற்கோள். "முக்கால் ஆரம் என்ற முடிவு துணிச்சலானது, ஆனால் வாதம் உறுதியானது" என்கிற மாதிரி ஒரு வரி. அதை ஆறு முறை படித்தேன். ஜே-4 பற்றி ஒரே ஒரு கேள்வி, காற்றின் விளக்கத்தை இன்னும் ஒரு பத்தி விரிவாக எழுதச் சொல்லி. அவ்வளவுதான். திங்கட்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

சார் உடனே போன் செய்தார். சாதாரணமாகச் சிரிக்காதவர். அடுத்த மாதமே தீசிஸ் சமர்ப்பிக்கலாம் என்றார். கீழே இறங்கி அம்மாவிடம் சொன்னேன். "வேல கெடச்சிருச்சா?" என்றாள். இல்லை, அதற்கு முந்தினது. "சரி, அதுவும் நல்லதுதான்" என்று ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் காற்றுக்கு இன்னும் ஒரு பத்தி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நானே நம்பாததை எத்தனை வாக்கியம்தான் எழுதுவது?

நடுவில் கீர்த்தனா. மெசேஜ் மேல் மெசேஜ். பொதுக் கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டது, புரோகிராம் ஓட்டிச் சேர்த்த பழைய ரன்களை எல்லோரும் காலி செய்யச் சொல்லி சுற்றறிக்கை. தன்னுடையதை வைத்திருக்கவா வேண்டாமா என்று கேட்கிறாள். வெயில் திரையில் பட்டு ஒன்றும் தெரியவில்லை, குடை ஒரு பக்கம் சாய்கிறது. "தப்பா வந்தத வச்சு என்ன பண்ணப் போற, அழி" என்று அனுப்பிவிட்டுக் காற்றுப் பத்திக்குத் திரும்பினேன்.

நான்கு வாக்கியம். அதில் மூன்று சப்பைக்கட்டு.

ஜூன் 13, வெள்ளி

மூடி வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

டெம்போவிலிருந்து மூன்று பேர் உருட்டி இறக்கினார்கள். ஒரு பக்கம் புது பாத்ரூம் சுவர், எதிர்ப்பக்கம் அம்மாவின் துணி துவைக்கிற கல். இரண்டுக்கும் நடுவே மூன்றரை அடி. மூடி மூன்றடி எட்டு அங்குலம். ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் கல்லின் மேல் ஏறி நிற்கிறது. திருப்பிப் பார்த்தார்கள். வட்டத்தை எப்படித் திருப்பினாலும் வட்டம்தானே! அதையும் இரண்டு தரம் செய்தார்கள்.

கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். நான் மூன்றடி நான்கு என்று சொன்னேன், எதற்கு எட்டு? அவர் குரல் உயர்த்தவே இல்லை.

"ஏம்மா, வூட்டுக்காரங்க எல்லாரும் உள்வாய் அளவுதான் சொல்லுவாங்க. செவுத்துக்கு நாலு இன்ச்சு நாங்கதான் சேத்துப் போடுவோம். எப்பவும் அதாம்மா பழக்கம்."

"நான் சேத்துத்தான் சொன்னேங்க."

"நீங்க சேத்தேன்னு சொல்லலியே."

சொல்லவில்லைதான். லாரிச் சத்தத்தில் எனக்குச் சொல்லத் தோன்றவும் இல்லை. சிமெண்ட் வார்த்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூடியைப் பார்த்தார்.

"நீயும் சேத்துட்ட, அவரும் சேத்துட்டாரு. தப்புன்னு யாரச் சொல்றது? வானத்துல இருக்கறத அளக்கற புள்ள, வீட்டுப்பக்கம் கெடக்கறது அளவு தப்பிருச்சு."

மேஸ்திரியின் ஆட்கள் சிரித்தார்கள். துவைக்கிற கல்லை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் மேஸ்திரி. அம்மா, "கல்லு மேல கை வெச்சுப் பாருங்க" என்றாள். யாரும் வைக்கவில்லை. மூடி இப்போது மாமரத்தில் சாய்ந்து நிற்கிறது. குழியின் மேல் பழைய தகரம்.

இன்று எதுவும் படிக்கவில்லை. எழுதவில்லை. மாம்பழம் நான்கு.

ஜூன் 14, சனி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

காலையில் அப்பாவுக்கு எண்ணிக்கொண்டிருக்கும்போது மாமா சொன்னது திரும்பத் திரும்ப ஓடியது. நீயும் சேத்துட்ட, அவரும் சேத்துட்டாரு. அவமானத்தில்தான் ஓடுகிறது என்று நினைத்தேன். எட்டாவது மடக்கலில் எண்ணுவதை நிறுத்தினேன்: என் பெருக்கலும் ஒரு சேர்ப்புதானே?

மாடிக்குப் போனேன். என் புரோகிராம் படிக்கிற தரவுக் கோப்பைத் திறந்தேன். எனக்கு முன்னால் இருந்த சீனியர் தயாரித்தது, அவர் இப்போது வெளிநாட்டில். நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. புரோகிராம்தான் படிக்கும், நான் எதற்குப் படிக்க வேண்டும்? முதல் வரியில் ஆங்கிலத்தில் சுத்தமாக எழுதியிருக்கிறார்: எண்கள் ஏற்கெனவே சராசரி ஆரத்துக்கு மாற்றப்பட்டவை.

ஏற்கெனவே.

அதற்கு மேல் என் புரோகிராம், இரண்டாம் வருடம் நான் பெருமையாக எழுதிய அந்த ஒரு பெருக்கல், இன்னொரு முறை மாற்றியிருக்கிறது. ஒரு முறை மாற்றினால் ஜே-2 நாலரை சதவீதம் கூடும். மாற்றியபின் எண் வேறாகத்தான் தெரியும் என்று தெரிந்ததால் வேறாகத் தெரிந்தபோது சந்தேகமே வரவில்லை. இல்லாத பருமனை இருப்பதாக எண்ணி, அதற்கு ஈடுகட்டக் கருவை வெளியே வெளியே இழுத்திருக்கிறேன். பாதியிலிருந்து முக்காலுக்கு.

சீனியர் தப்பு செய்யவில்லை. என் பெருக்கலும் தப்பில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் தப்பு, அதைச் சேர்த்தவள் நான். ஒரு வரி. நான்கு வருடத்தில் ஒரு நாள் அந்த ஒரு வரியைப் படித்திருந்தால்!

அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கோபம்தான். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. குடையைத் தூக்கி எறிந்தேன். அது பக்கத்து வீட்டுச் சாமந்தித் தோட்டத்தில் போய் விழுந்தது. போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மேகமூட்டம். மேஸ்திரிக்கு லீவு. வீடு அமைதி.

பெருக்கலை எடுத்துவிட்டு ஓட்டினேன். காலை எட்டுக்குப் போட்டது பதினொன்றரைக்கு வந்தது. ஜே-2 பொருந்தியது. ஜே-4-ம் பொருந்தியது. காற்று எவ்வளவு இழுக்கும் என்று மற்றவர்கள் சொன்னார்களோ அதற்கு மேல் ஒரு துளி கூடத் தேவைப்படவில்லை. எட்டு மாதம் என்னை ஆட்டிவைத்த எண், எதுவுமே நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டது.

கரு: ஆரத்தில் பாதி. கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம். எல்லோரும் சொன்னதேதான். நான்கு வருடம் கழித்து, ஊரே அறிந்த ஒன்றை நானும் கண்டுபிடித்திருக்கிறேன்.

இங்கே பொய் எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. மதியம் முழுக்க நான் யோசித்தது இதுதான்: யாருக்கும் தெரியாது. நடுவர்கள் பார்த்துவிட்டார்கள். சார் பார்த்துவிட்டார். அந்தக் கோப்பை யாரும் திறக்கப் போவதில்லை, நானே திறக்கவில்லையே. நாளைக்குத் திருத்தம் அனுப்பினால் கட்டுரை வரும், அடுத்த மாதம் தீசிஸ், அதற்கப்புறம் வேலை. பின்னால் ஒரு நாள் யாராவது கண்டுபிடித்தால் "அளவுகள் மேம்பட்டன" என்று ஒரு வரி. வியாழனும் இப்போது சூரியன் பக்கமாக ஒளிந்துகொண்டிருக்கிறது. நிமிர்ந்து பார்த்து வெட்கப்படக்கூட வழியில்லை.

மாலை பயிற்சி.  என்ன ஆச்சு என்று அப்பாவே கேட்டார். அளவில் தப்பு என்றேன். மூடியைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தார். அது இல்லை, பெரியது என்றேன்.

"யாராச்சும் பாத்துட்டாங்களா?"

"இல்லப்பா. நான்தான் பாத்தேன்."

முட்டியைத் தடவிக்கொண்டார்.

"அந்தத் தேங்காக்காரன் மூணாவது போரும் பொய்யாப் போனப்பறம் என்னா சொன்னான் தெரியுமா? தேங்கா சரியாத்தான் நின்னுச்சாம். அடியில பாறை நவுந்துருச்சாம்." சிரித்தார். "பாறை நவுந்துருச்சுன்னவன என்னா பண்றது? வாய மூடிகிட்டு வந்துட்டேன்."

அவர் பாட்டுக்குச் சொன்னார். எனக்குத் தெரியாதா என்ன, தேங்காய்க்காரருக்குப் பாறை, எனக்குக் காற்று. பத்து முறையும் முழுசாக மடக்கினார் இன்று. எண்ணத் தவறியது நான்.

ஜூன் 16, திங்கள்

தூறல். கல்லை உடைக்கிறார்கள். கடைசியில் அம்மாவே உடைக்கச் சொல்லிவிட்டாள். எத்தனை நாளைக்குத் தகரத்தைப் போட்டு மூடி வைப்பது, மாடு கால் வைத்தால் என்னாவது என்று. உளிச் சத்தம் மாடி வரை கேட்கிறது. காலையிலிருந்து அம்மா என்னிடம் பேசவில்லை. துணியை எல்லாம் பக்கெட்டில் ஊற வைத்து அப்படியே விட்டிருக்கிறாள்.

சாருக்கு அனுப்ப மூன்று வரைவு எழுதினேன். முதலாவதில் சீனியர் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. எடுத்தேன். இரண்டாவதில் "துரதிர்ஷ்டவசமாக" இரண்டு இடத்தில். எடுத்தேன். மூன்றாவது ஐந்து வரி. கோப்பு, பெருக்கல், பாதி, ஜே-4, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். 9:40-க்கு அனுப்பினேன்.

10:05 சார் போன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கோப்பின் முதல் வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.  பிறகு பத்திரிகைக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார். தீசிஸ் ஒரு வருடம் தள்ளிப்போகும். தானும் பார்த்திருக்க வேண்டும் என்றார். பிறகு, "கீர்த்தனாவிடம் நீயே சொல்" என்று வைத்துவிட்டார்.

கீர்த்தனா! சனிக்கிழமையிலிருந்து என் நான்கு வருடம், என் தீசிஸ், என் பெயர் என்றே புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் முகம் ஒரு முறை கூட வரவில்லை.

டேங்க் ஓரமாக ஒதுங்கி நின்று கூப்பிட்டேன். எடுத்த உடனே அவள்தான் பேசினாள். நாலாவது தடவையும் பார்த்துவிட்டாளாம், தப்பு எங்கே என்று இன்னும் தெரியவில்லையாம், சாரியாம்.

"கீர்த்தனா, உன் புரோகிராம்ல தப்பே இல்ல. தப்பு என்னுதுல. கரு பாதி வரைக்குந்தான். உனக்கு வந்ததுதான் சரி."

 நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து இரண்டு அடி நகர்ந்தேன்.

"ஹலோ? கேக்குதா? மொதல்ல இருந்தே உனக்கு வந்ததெல்லாம் சரிதான். அத வச்சு நீ நேரா எழுதலாம்."

"அக்கா, அந்த ரன் எல்லாத்தையும் வியாழக்கிழமையே அழிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"பதினோரு மாசத்துது. நீங்கதானக்கா அழின்னீங்க."